ஓட்டிப் பார்த்த தாள்

கல்யாணமாகித் திருத்தணிக்கு வந்த புதிதில் எனக்குப் படிக்க எதுவும் கிடைக்கவில்லை. என் கணவர் மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைக்கிறவர். அவருடைய அப்பாவும் தாத்தாவும் அதே அடுப்பில் நின்றவர்கள். விடிவதற்கு முன்பே படியேறினால் உச்சிகால நைவேத்தியம் முடிந்துதான் இறங்குவார். இறங்கும்போது வேட்டி மடிப்பில் விபூதிப் பொட்டலங்கள் இருக்கும். விபூதியைச் சம்புடத்தில் கொட்டிவிட்டுப் பொட்டலக் காகிதத்தைப் பிரித்து, நீவி, அதில் இருப்பதைப் படிப்பேன். ஒன்றில் பத்தாம் வகுப்பு வினாத்தாளின் பாதி இருக்கும். இன்னொன்றில் ஏதோ பாத்திரக் கடை விளம்பரம். சிலசமயம் தொடர்கதை ஒன்றின் நடுப்பக்கம் வந்துவிடும். கதாநாயகி கிணற்றடியில் நின்று அழுதுகொண்டிருப்பாள், ஏன் என்று தெரியாது. எனக்கு எரிச்சலாக வரும். மறுநாள் பொட்டலத்தில் மிச்சக் கதை இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒருநாளும் இருந்ததில்லை.

அப்படித்தான் காகிதம் சேர்க்கிற பைத்தியம் பிடித்தது. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. தீப்பெட்டி லேபிள், பட்டாசுச் சுற்றுத்தாள், ஊதுபத்தி உறை, மெட்ராஸ் ரயிலின் தடித்த அட்டை டிக்கெட், திருப்பதி பஸ்ஸில் கிழித்துத் தருகிற தெலுங்கு எழுத்துச் சீட்டு, திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வண்டிக்காரர்கள் இடுப்பில் சொருகிக் கசங்கிப்போன எடைச்சீட்டு என்று எதையும் விடவில்லை. மைதா மாவில் துளி மயில்துத்தம் போட்டுப் பசை காய்ச்சுவேன், பூச்சி அரிக்காது. புடவைப் பெட்டியின் அட்டைமேல் இந்தத் துண்டுகளை ஒட்டிப் படமாக்குவேன். ரயில் டிக்கெட்டை அடுக்கினால் மலைப்படி ஆகிவிடும். பட்டாசுத் தாளை நறுக்கினால் ஆடிக் கிருத்திகைக் கூட்டம். வாழ்த்து அட்டைகளும் செய்வேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு சென்னையில் ஒரு கைவினைக் கடையில் அவற்றை வாங்கிக்கொள்ள ஆரம்பித்தார்கள். அதற்கு முன்னால் சொந்தக்காரர்கள் எனக்கு வைத்த பெயர் குப்பைக்காரி. “உங்க வீட்டுக் குப்பையைக் கேட்டேனா?” என்று நானும் திருப்பிக் கொடுப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பொறுமை என்பதெல்லாம் காகிதத்திடம் மட்டும்தான்.

என்னிடம் அதிகம் சேர்ந்தது கல்யாணப் பத்திரிகை. இந்தப் பக்கத்தில் கல்யாணம் நிச்சயமானால் முதல் பத்திரிகை மலைமேல் இருக்கிற முருகனுக்குத்தான். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொண்டுவந்து சாமி காலடியில் வைப்பார்கள். காலடியில் வைத்ததைக் குப்பையில் போடமுடியுமா? கட்டுக்கட்டாகச் சேர்ந்துவிடும். என் கணவர் கேட்டு வாங்கிவருவார். பாதி தெலுங்கில் இருக்கும். எனக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. அந்த எழுத்தின் சுழிகளுக்காகவே எடுத்துவைத்தேன்.

கத்தரிக்கோல் எடுக்கிறவளுக்கு இரண்டு கட்டுப்பாடுகள் இருந்தன. சாமி முகத்தை வெட்டமாட்டேன். கருமாதிப் பத்திரிகையைத் தொடமாட்டேன். இறந்தவருக்குப் பதினாறாம் நாள் காரியத்துக்கு அச்சடிக்கிற அந்தப் பத்திரிகையை வாசலில் வைத்துத்தான் கொடுப்பார்கள். வாங்குகிறவர் வாசலிலேயே நின்று படித்து, அங்கேயே கிழித்துப் போட்டு, கைகால் கழுவிக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும். ஓரத்தில் கறுப்பு மை பூசிய தாள் வீட்டுக்குள் தங்கினால் இன்னொரு சாவைக் கூட்டிவரும் என்பார்கள். சாமிக்குச் சமைக்கிற வீட்டில் கேட்கவே வேண்டாம். எனக்கு இதில் நம்பிக்கை இருந்ததா என்று தெரியாது. பயம் இருந்தது.

பழைய பேப்பர் எடுக்கிறவன் ஒருவன் எங்கள் தெருவுக்கு வருவான். பக்கத்துக் கே.ஜி.கண்டிகை ஊர்க்காரன், இருபதைத் தாண்டியிருப்பான். சைக்கிள் கேரியரில் கோணியும் தராசும் இருக்கும். நான் பழைய பேப்பர் போடுகிறவள் இல்லை, வாங்குகிறவள் என்பதைக் கண்டுபிடிக்க அவனுக்கு அதிக நாள் ஆகவில்லை. சுற்றுவட்டாரத்தில் எடுக்கிற பேப்பரில் படம் போட்டது, பழையது, கலர் விநோதமாக இருப்பது எல்லாவற்றையும் தனியே மடித்து எனக்கென்று கொண்டுவருவான்.

“அக்கா, இத்த பாருங்க. எங்கியோ பொட்டிக்கு அடியில கெட்ந்தது. உங்களுக்குன்னு எட்த்துகினு வந்தேன்.”

“ஏண்டா, எலி கடிச்சதையெல்லாம் என் தலையில கட்டறியா?”

“எலி கட்ச்ச பக்கத்த வெட்டிடுங்க. நீங்க எப்படியும் வெட்டிகினுதானே இருக்கப் போறீங்க?”

பதிலுக்குப் பதில் பேசுவான். நான் திட்டினால் சிரிப்பான். ஒட்டி முடித்த படத்தை முதலில் அவனிடம்தான் காட்டுவேன். நன்றாக இல்லையென்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவான். காவடிக் கூட்டம் ஒன்றைப் பார்த்துவிட்டு, “இன்னாக்கா, அல்லாரும் ரேஷன் கடைல நிக்கற மாதிரி கீறாங்க?” என்றான். எனக்குக் கோபமாக வந்தது. பிறகு பார்த்தால் அவன் சொன்னது சரி. பிரித்து மறுபடி ஒட்டினேன்.

அவன் கொண்டுவந்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அச்சகத்துக் கழிவு. டவுனில் ஓர் அச்சகத்திலிருந்து கெட்டுப்போன தாள்களையும் அவன் எடைக்கு எடுப்பான். புதிதாக ஒரு வேலை தொடங்கும்போது எழுத்து நேராக நிற்கிறதா, மை சரியாக விழுகிறதா என்று பார்க்க நல்ல தாளைப் பாழாக்கமாட்டார்கள். முன்பு கெட்டுப்போன தாள் எதையாவது எடுத்து அதன் மேலேயே ஓட்டிப் பார்ப்பார்கள். ஒரே தாளில் பள்ளி ஆண்டுவிழாவும் உரக்கடைத் திறப்புவிழாவும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். எந்த எழுத்து எதனுடையது என்று தெரியாது. நான் பாடுபட்டு ஒட்டி வரவழைக்கிறதை அந்த மிஷின் கவனமே இல்லாமல் செய்துவிடும். இந்தத் தாள்களைத் திரும்பத் திரும்பக் கேட்பேன். ஆனால் கட்டுக்குள் கருமாதித் தாள் ஏதாவது இருந்தால் அவனே உருவிப் போட்டுவிட்டுத்தான் கொண்டுவருவான். “சாமிக்கு சோறு ஆக்கற ஊட்டுக்கு அத்தப்போயி எட்த்துகினு வருவேனா?” என்பான்.

ஓர் ஆடிக் கிருத்திகைக்குப் பிறகு அவன் வரவில்லை. மெட்ராஸுக்கு வேலைக்குப் போகப்போவதாகவும், ஆட்டோ ஓட்டப்போவதாகவும் சொல்லிக்கொண்டிருந்தான். போய்விட்டான் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை சொல்லாமல் போனானே என்று ஆத்திரமாக வந்தது. வந்தால் என்ன திட்டவேண்டும் என்றுகூட யோசித்துவைத்திருந்தேன்.

ஒரு மத்தியானம் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். நடுவயதுக்காரர் ஒருவர், தாடி மழிக்காத முகம். உள்ளே வரவில்லை. மலையிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்த என் கணவர் போனார். அவர் கையில் கறுப்பு ஓரமிட்ட தாளைக் கொடுத்துவிட்டு, பையனுடைய சித்தப்பா என்று மட்டும் சொல்லிவிட்டு அந்த மனிதர் அடுத்த வீட்டுக்குப் போனார். நான் என் கணவரின் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். நடுவில் முட்டை வடிவத்தில் ஒரு போட்டோ. எண்ணெய் தடவிப் படிய வாரிய தலை. மேல் பித்தான்வரை போட்ட சட்டை. நான் பார்த்ததெல்லாம் வேர்வையும் புழுதியுமாக அவன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பதைத்தான். அதனால் அடையாளம் தெரியக் கொஞ்சநேரம் ஆனது. எங்கள் பேப்பர்காரன்தான். மஞ்சள் காமாலை என்று பிறகு சொன்னார்கள். முற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

என் கணவர் படித்து முடித்துத் தாளைக் குறுக்கே கிழித்தார். மறுபடி நெடுக்கே கிழித்து, சாக்கடையோரம் போட்டார். கைகால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். ஊரில் யார் வீட்டுக்குக் கருமாதித் தாள் வந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். அந்த முகத்தை நான் பார்த்தது அவர் படிக்கிற நேரம் மட்டும்தான்.

நான் அழுதேன். சொந்தமா பந்தமா, பழைய பேப்பர்காரனுக்கு என்ன இவ்வளவு அழுகை என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். அவர்களோடு போட்ட சண்டையில் அடுத்த தீபாவளிவரை பேச்சுவார்த்தை இல்லை. சில நாள் கழித்து, அவன் பழைய பேப்பரை எடைக்குப் போட்டுக்கொண்டிருந்த கடையின் முதலாளி ஒரு கட்டு அனுப்பினார். அச்சகத்துக் கழிவு. அந்த அம்மாவுக்கு இது வேண்டும் என்று அவன் சொல்லிவைத்திருந்தானாம், புதிதாக வந்த ஆளிடம் கொடுத்துவிட்டிருந்தார். சணல் கயிற்றை அவிழ்க்க எனக்கு மனம் வரவில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். வெகுநாள் கத்தரிக்கோலையே எடுக்கவில்லை.

அவனுடைய அம்மா வந்தது ஒரு வருஷத்துக்கும் மேல் கழித்து. அதற்குமுன் நான் அவளைப் பார்த்ததில்லை. கரும்புக்காட்டு வேலைக்குப் போகிறவள். கையெல்லாம் கரும்புச் சோகை கிழித்த கீறல். வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு, “பேப்பர் ஒட்ற அம்மா ஊடு இதானுங்களா?” என்றாள். யார் என்று சொன்னதும் உள்ளே கூப்பிட்டேன். வரவில்லை. இருக்கட்டும்மா என்று படியில் உட்கார்ந்தாள். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அவன் போட்டோ எதுனா உங்க கிட்ட கீதுங்களாம்மா?”

வீட்டில் ஒன்றுகூட இல்லையாம். ஆட்டோ லைசென்ஸுக்காக மெட்ராஸில் எங்கேயோ ஒரே ஒரு தடவை எடுத்துக்கொண்டிருக்கிறான், எந்தக் கடை என்று யாருக்கும் தெரியாது. அதில் மிஞ்சியிருந்த ஒரு பிரதியைக் கருமாதிப் பத்திரிகைக்குக் கொடுத்தார்கள். அச்சுக்கு பிளாக் தகடு செய்ய அனுப்பியது திரும்பி வரவில்லை. அந்த நேரத்தில் அதைக் கேட்டு வாங்கிவைக்க யாருக்கும் தோன்றவில்லை.

“பத்திரிகையில இருந்ததே,” என்றேன்.

“இருந்துச்சு. ஊடு ஊடா கேட்டுகினு வந்துட்டேன். அல்லாரும் கிழிச்சிட்டாங்க. மிச்சம் இருந்தத்த கருமாதி அன்னிக்கு இவுங்க சித்தப்பா கொளுத்திட்டாரு.” தெருவைப் பார்த்தபடியே சொன்னாள். “அவுங்க நைனா செத்தப்போ இவன் கைக்கொழந்த. நைனா எப்படி இருப்பாருன்னு அப்புறம் கேப்பான். இவனாட்டமே இருப்பாருன்னு சொல்லுவேன். இப்ப இவன் மொகமே எனுக்கு மறந்துகினு வருதும்மா. மூக்கு ஞாபகம் வந்தா கண்ணு வரமாட்டேன்து. பெத்தவளுக்கு மறக்குமா? மறக்குதே. இன்னா செய்யட்டும்?”

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என்னிடம் இருக்கிற காகிதத்தில் எத்தனை முகங்கள்! பவுடர் டப்பாக்காரிகள், சோப்புக் குழந்தைகள், தேர்தலில் நின்று தோற்றவர்கள். பத்து வருஷத்தில் ஒரு பீரோவே நிறைந்திருந்தது. அதையெல்லாம் தூக்கிவந்து கொடுத்தவன் முகம் மட்டும் அதில் இல்லை. தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாளே கிளம்பினேன். அச்சகத்தில் கேட்டபோது, பிளாக்கைப் பழைய தகரத்தோடு போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். “மிச்ச காப்பியாம்மா? அத்தப்போயி யாராவது கடையில வச்சிப்பாங்களா? நீங்களே சொல்லுங்க” என்றார் அச்சகக்காரர். சித்தப்பா எந்தெந்த வீட்டுக்குக் கொடுத்தார் என்று விசாரித்து அங்கெல்லாம் போனேன். பேப்பர் கடை முதலாளி கிழித்திருந்தார். டீக்கடைக்காரர் கிழித்து அடுப்பில் போட்டிருந்தார். எங்கள் தெருவில் மீதம் வைத்தவர் ஒருவரும் இல்லை. கேட்டதற்கே சிலர் முகத்தைச் சுளித்தார்கள். ஒரு வழக்கத்தை ஊரே இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்து நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் ஏறுவதற்கு வரிசையில் நிற்கத் தெரியாத ஊர் இது. எல்லோர்மேலும் கோபமாக வந்தது. என் கணவர்மேலும் வந்தது. அவரிடம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. காரணம் அவருக்குத் தெரியும்.

அவன் போன பிறகு வந்த கட்டு கட்டிலடியில் கிடப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கருமாதிப் பத்திரிகையையும் அச்சகத்தில் ஓட்டிப் பார்த்துத்தானே அடித்திருப்பார்கள்? பத்திரிகை அடித்த நாட்களை ஒட்டித்தான் அந்தக் கட்டும் வந்தது. அதிலிருந்து உருவிப்போட அவன் இல்லை. உருவவேண்டும் என்பது புது ஆளுக்குத் தெரிந்திருக்காது.

காலையில் வெளிச்சம் நன்றாக வந்ததும் கட்டை இழுத்து முற்றத்தில் பிரித்தேன். முடிச்சு அவிழவில்லை, கயிற்றை வெட்டினேன். டியூட்டோரியல் நோட்டீஸ், அரிசி மண்டி ரசீது, காதுகுத்து அழைப்பிதழ். பாதிக்குமேல் போயும் ஒன்றும் இல்லை. பிறகு ரோஸ் நிற அட்டை ஒன்று வந்தது. கல்யாணப் பத்திரிகை. எழுத்து சாய்ந்து விழுந்ததால் ஒதுக்கியது. அதைத் திருப்பிப் போடப்போனவள் நிறுத்திவிட்டேன். அந்தக் கல்யாணப் பத்திரிகையின் மேலேயே அவன் கருமாதியை ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

இரண்டு பக்கமும் பச்சையாக வாழைமரம். மேலே பிள்ளையார். நடுவில் கறுப்பு முட்டை வடிவத்துக்குள் அவன். முதல் ஓட்டம் என்பதால் மை கொஞ்சம் அதிகமாகவே ஏறியிருந்தது. ஆனால் கண்ணும் மூக்கும் தெளிவாகத் தெரிந்தன. சிவப்பு எழுத்தில் சுபமுகூர்த்தமும் நட்சத்திரமும் அவன் நெற்றியின் குறுக்கே ஓடின. கன்னத்தில் வரவேற்பு நேரம் இருந்தது. கீழே மணமக்கள் பெயர் இருந்த இடத்தில் அவன் காலமான செய்தி ஏறியிருந்தது. நான் சத்தமாகவே அழுதுவிட்டேன். கிடைத்த சந்தோஷமா, இப்படிக் கிடைத்ததே என்ற துக்கமா என்று பிரிக்கத் தெரியவில்லை.

மத்தியானம் வந்த என் கணவர் முற்றத்தில் நான் உட்கார்ந்திருந்ததையும் மடியில் இருந்ததையும் பார்த்தார்.

“இது எப்ப வந்தது?”

“அவன் போனப்பவே வந்திருக்கு. இத்தனை நாளும் நம்ம கட்டில் அடியிலதான் இருந்திருக்கு.”

அவர் கிணற்றடிக்குப் போய்த் தலையோடு குளித்துவிட்டு வந்தார். வெளியே எறி என்பார், ஒரு சண்டைக்குத் தயாராக வேண்டியதுதான் என்று உட்கார்ந்திருந்தேன். ஈரத்துண்டோடு வந்து சற்றுத் தள்ளி நின்று குனிந்து பார்த்தார்.

“நல்ல பையன்,” என்றார். பிறகு, “இதை இப்படியே கொடுக்காதே. கல்யாணம் ஆகாத பிள்ளை. பெத்தவ பார்த்தா தாங்கமாட்டா. முகத்தை மட்டும் வெட்டி எடு” என்றார்.

நானும் அதையேதான் நினைத்திருந்தேன். சுபத்தையும் அசுபத்தையும் ஒரே தாளில் எந்தத் தாய் கையில் கொடுப்பது? ஆனால் ஓரத்தை வெட்டினால் வாழைமரம்தான் போகும். நெற்றியில் ஓடுகிற முகூர்த்தத்தை எந்தக் கத்தரிக்கோலால் வெட்டுவது? சவர பிளேடால் சுரண்டிப் பார்க்கலாம் என்று சிவப்பின்மேல் வேறு ஏதோ கறுப்பு எழுத்து ஏறியிருந்த இன்னொரு கெட்டுப்போன அட்டையில் முயன்றேன். சிவப்பு போகும்போது கறுப்பும் சேர்ந்து உரிந்தது. கண் இருக்கிற இடத்தில் அப்படி உரிந்தால் என்ன ஆவது என்று பிளேடைக் கீழே வைத்துவிட்டேன். சிவப்பு எழுத்தின் மேல் சாம்பல் நிறக் காகிதத்தை மயிரிழையாக நறுக்கி ஒட்டி மறைக்கலாம் என்று பட்டது. அதற்கேற்ற காகிதம் தேடி எடுத்துவைத்தேன். இத்தனை வருஷம் பழகிய கை, செய்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

அதற்குள் அவள் வந்துவிட்டாள். கிருத்திகைக்கு மலையேறிவிட்டு இறங்குகிற வழியில் வந்திருந்தாள். மேஜையில் அட்டை, பக்கத்தில் கத்தரிக்கோல், நறுக்கிய துண்டுகள். கதவு திறந்தே இருந்தது. வாசலில் நின்றபடியே அவளுக்கு அது தெரிந்திருக்கவேண்டும். முதல்தடவை உள்ளே வராதவள், கேட்காமலே நேராக உள்ளே வந்தாள். நான் உள்ளங்கையால் அட்டையை மூடினேன்.

“இன்னும் முடியலைம்மா. சரிபண்ணித் தர்றேன். நாலு நாள் கழிச்சு வாங்க.”

“கைய எடும்மா,” என்றாள்.

எடுத்தேன். அவள் குனிந்தாள். தொடவில்லை. வெகுநேரம் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது. அழுவாள் என்று எதிர்பார்த்தேன், அழவில்லை.

“ஆங். இதான் கண்ணு,” என்றாள். “இதான். இப்படித்தான் இருக்கும்.”

பிறகுதான் மற்றதெல்லாம் அவள் கண்ணில் பட்டது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் வாழைமரமும் பிள்ளையாரும் ரோஸ் அட்டையும் எதற்கு என்று தெரியாதவர்கள் யார்? நான் அவசரமாகச் சொல்ல ஆரம்பித்தேன். அச்சகத்தில் ஓட்டிப் பார்த்தது, வேறு யாருடைய கல்யாணமோ, தெரியாமல் நடந்தது, இதையெல்லாம் மறைத்துவிடலாம், வெறும் முகம் மட்டும் தெரிகிற மாதிரி செய்து தருகிறேன் என்று என்னென்னவோ பேசினேன். கத்தரிக்கோலைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“வெட்டாதம்மா. இப்படியே குடு.”

“இது கல்யாணப் பத்திரிகைம்மா. இதில போய்...”

“தெரிது. எனுக்குத் தெரியாதா? ரெண்டும் ஒண்ணா இருக்கக்கூடாதும்பாங்க. கெட்டது வரும்பாங்க.” என் கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்கி மேஜையின் அந்தப் பக்கம் வைத்தாள். “எனுக்கு இன்னும் இன்னா கெட்டது வரப்போவுது, சொல்லு? தையில பொண்ணு பாக்கலாம்னு இருந்தேன். அவனுக்கு ஒண்ணுத்தயும் நான் செய்யல. பத்திரிகையில அவன் மொகத்த அட்ச்சிக்கிறாங்க. எவன் அட்ச்சா இன்னா? அட்ச்சிக்கிறாங்க இல்ல?”

என் கணவர் அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை.

அட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். வாழைமரத்தை விரலால் தொட்டாள். பிறகு கீழே இருந்த எழுத்துகளைக் காட்டினாள்.

“பொண்ணு பேரு இன்னான்னு போட்டிக்குது?”

குனிந்து பார்த்தேன். சௌபாக்கியவதி என்பதுவரை சிவப்பு தெரிந்தது. அதற்குமேல் அவன் காலமான செய்தியின் கறுப்பு அப்பியிருந்தது. எப்படித் திருப்பிப் பிடித்தும் படிக்கமுடியவில்லை.

“தெரியலைம்மா. மை ஏறிடுச்சு.”

“போவட்டும்,” என்றாள். “எந்த ஊர்ப் பொண்ணோ. புருசன் புள்ளையோட நல்லா இருக்கட்டும்.”

சொல்லிவிட்டு மறுபடி அவன் முகத்துக்கே வந்தாள். படிய வாரியிருந்த தலையை, மேல் பித்தான்வரை போட்ட சட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என்னிடம் அட்டையைத் திருப்பிக் காட்டினாள்.

“எம்புள்ள நல்லா கீறான் இல்லம்மா?”

“ஆங்,” என்றேன். “நல்லா இருக்கான்.”